நடிகையின் முகத்துக்கு ஏன் வயதாகக் கூடாது?

பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். முதல் நாள் இரவு வரவேற்பு முடிந்து பந்தியும் ஓய்ந்தபின், பெண்கள் ஏழெட்டுப் பேர் மண்டபத்தின் மாடி அறையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தோம். தொலைக்காட்சியில் 1990களின் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் நாயகியை அண்மையில் ஏதோ விழாவில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். "எப்படி இருந்தவள்! இப்போது பாட்டி மாதிரி ஆகிவிட்டாளே" என்றார் என் அத்தை. பத்து நிமிடத்தில் ஒரு விளம்பரம் வந்தது. அதில் அதே காலத்து இன்னொரு நடிகை, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. "ஊசி போட்டுப் போட்டு முகத்தைக் கெடுத்துக்கொண்டாள். வயதானால் வயதானபடி இருக்க வேண்டியதுதானே?" என்றார் அதே அத்தை. எல்லோரும் சிரித்தோம். அத்தையும் முந்தானையை வாயருகே கொண்டுபோய்ச் சிரித்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே ஒரு முகம் நிற்பதற்கு இடமே இல்லை என்பது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

நடிகைகள் முகத்துக்குச் செய்துகொள்ளும் பிளாஸ்டிக் சர்ஜரியைப் பற்றி நம் பக்கத்தில் மூன்று பேச்சு உண்டு. முகத்துக்குள் பிளாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுகிறார்கள் என்பது ஒன்று. ஒரு முறை செய்துகொண்டால் சாகும்வரை இளமைதான் என்பது இன்னொன்று. எல்லாம் பணத் திமிர் என்பது மூன்றாவது. மூன்றும் தவறு. பல ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில், தெரிந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

பெயரில் மட்டும் இருக்கும் பிளாஸ்டிக்

தீக்காய வார்டில் ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பெண்ணுக்குப் பிளாஸ்டிக் வேண்டாம் அம்மா, தோலே போதும்" என்று அழுதார். அந்தப் பெண்ணின் கழுத்துத் தோல் வெந்து சுருங்கி, தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. தலையை நிமிர்த்தி அவளால் தண்ணீர் குடிக்க முடியாது. அவளுடைய தொடையிலிருந்து எடுக்கும் தோலைத்தான் கழுத்தில் வைக்கப்போகிறார்கள் என்று அந்தத் தாய்க்குப் புரியவைக்க அரை நாள் ஆனது.

'பிளாஸ்டிகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, வனைவதற்கு ஏற்றது என்று பொருள். குயவர் மண்ணை வனைவதுபோல உடலின் தோலையும் தசையையும் வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவரும் மருத்துவம் என்பதால் பிளாஸ்டிக் சர்ஜரி என்று பெயர் வந்தது. நம் வீட்டுக்குப் பிளாஸ்டிக் குடம் வருவதற்கு நூறாண்டுக்கும் முன்பே இந்தப் பெயர் புழக்கத்தில் இருந்தது.

இந்த மருத்துவத்தின் கதையில் நம் மண்ணும் ஓர் ஓரமாக வருகிறது. இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கிய பாராமகால், 1792 உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. அந்த உடன்படிக்கையோடு முடிந்த மைசூர்ப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்ற மராட்டியர் திப்புவின் தரப்பிடம் கைதானார். அவருடைய மூக்கும் ஒரு கையும் வெட்டப்பட்டன. பிறகு புனே அருகே, செங்கல் அறுக்கும் மரபைச் சேர்ந்த ஒருவர் அவருடைய நெற்றித் தோலை அறுத்துத் திருப்பி இறக்கிப் புதிய மூக்கை உருவாக்கினார். 1794இல் இந்தச் செய்தி படத்தோடு லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானது. 1814இல் ஜோசப் கார்ப்யூ என்ற மருத்துவர் அதே முறையை லண்டனில் செய்துகாட்டினார். நெற்றித் தோலால் மூக்கு வைக்கும் முறை ஐரோப்பாவில் பரவியது இப்படித்தான்.

இழந்ததையும் சிதைந்ததையும் திருப்பித் தருவது சீரமைப்பு அறுவை. நோயோ காயமோ இல்லாத உடலைத் தோற்றத்துக்காக மாற்றுவது அழகு அறுவை, அதாவது காஸ்மெட்டிக் சர்ஜரி. கத்தி ஒன்றுதான், படிப்பும் ஒன்றுதான். முன்னதில் நோயாளியை மேசைக்குக் கொண்டுவருவது காயம். பின்னதில் பெரும்பாலும் அடுத்தவர் பார்வை.

கூடையில் வாடும் மாம்பழம்

முகத்துக்கு வயதாவது எப்படி என்று தெரிந்தால்தான் ஊசி எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்பது புரியும்.

போச்சம்பள்ளிப் பக்கத்துத் தோப்பிலிருந்து வந்த மாம்பழத்தைக் கூடையிலேயே மறந்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் சதை நீர் வற்றிச் சுருங்கும். தோலின் அளவு குறையாது. சதைக்கு மிஞ்சிய தோல் மடிந்து சுருக்கமாகும். நம் முகத்திலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. கன்னத்துக் கொழுப்பு குறைந்து கீழே இறங்குகிறது. தாடை எலும்பும் கண்குழி எலும்பும்கூட மெல்லத் தேய்கின்றன. மேலே போர்த்திய தோலுக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகிறது.

தோலும் அப்படியே இருந்துவிடுவதில்லை. தோலுக்கு உறுதி தரும் நார்ப்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் கொலாஜன். இருபதுகளின் நடுவிலிருந்தே அது குறையத் தொடங்குகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் முதல் சில ஆண்டுகளில் குறைவு வேகம் பிடிக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் நன்றாக இருந்த முகம் ஐம்பத்து மூன்றில் திடீரென்று தளர்ந்துபோனதாகத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் இன்னொரு காரணம். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படத்தை 2012இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. ஜன்னலோரம் இருந்த இடக் கன்னம் உழுத நிலம்போல் மடிப்பு மடிப்பாக இருந்தது. மறு கன்னம் அதைவிடப் பல ஆண்டு இளையதாகத் தெரிந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும் புறஊதாக் கதிர் கொலாஜனைச் சிதைத்திருக்கிறது. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி அருகே லாரியை நிறுத்திவிட்டு இறங்கும் மூத்த ஓட்டுநர்களின் வலக் கன்னத்தை ஒரு முறை கவனித்துப் பாருங்கள்.

ஆக, சதை வற்றுகிறது, எலும்பு தேய்கிறது, தோலின் நார் தளர்கிறது. சுருக்கம் என்பது இந்த மூன்றும் வெளியே காட்டும் அடையாளம்.

மடை, மெத்தை, கயிற்றுக் கட்டில்

நெற்றியைச் சுருக்கி யோசிப்பவருக்கு நெற்றியில் கோடு விழுகிறது. ஒரே இடத்தில் மடித்த காகிதம்போல, தசை இழுத்து இழுத்துத் தோலில் தடம் பதிந்துவிடுகிறது. தசையை இழுக்கவிடாமல் செய்வதுதான் போடாக்ஸ். ஒரு வகை பாக்டீரியா சுரக்கும் கொடிய நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் எடுத்துச் செய்த மருந்து அது. ஏரியில் நீர் இருக்கிறது, வயலில் பயிரும் இருக்கிறது; நடுவில் மடைப் பலகையை இறக்கிவிட்டால் நீர் பாயாது. நரம்பிலிருந்து தசைக்குப் போகும் வேதிச் செய்தியைப் போடாக்ஸ் அப்படித்தான் அடைக்கிறது. கட்டளை வராத தசை ஓய்ந்துகிடக்கும். தோல் சமமாகத் தெரியும். மாறுகண்ணுக்கும் கண்ணிமைத் துடிப்புக்குமான மருந்தாகத்தான் 1989இல் அமெரிக்கா இதற்கு முதல் அனுமதி தந்தது. புருவங்களுக்கு இடையே விழும் கோட்டுக்கு அனுமதி கிடைத்தது 2002இல்.

மூன்று, நான்கு மாதத்தில் மடை மறுபடி திறந்துகொள்ளும். பிறகு மீண்டும் ஊசி. ஆண்டுக்கு மூன்று முறை என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு திரை வாழ்க்கைக்கு அறுபது தடவை. ஒரு முறை செய்தால் போதும் என்ற பேச்சு இங்கேயே விழுந்துவிடுகிறது.

அடுத்தது ஃபில்லர். இலவம்பஞ்சு மெத்தை ஓரிடத்தில் பள்ளமானால் உறையைப் பிரித்து அங்கே மட்டும் பஞ்சு திணிப்போம் அல்லவா? கொழுப்பு வற்றிய கன்னத்தில் பாகு போன்ற ஒரு பொருளை ஊசியால் செலுத்தி மேடாக்குவது அதே வேலை. பெரும்பாலும் ஹயலூரானிக் அமிலம் என்ற, நீரைப் பிடித்துவைக்கும் பொருள் பயன்படுகிறது. அது நம் உடலிலேயே இருப்பதுதான். சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டிலோ கரைந்துவிடும். ஊசி தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அரிதாகக் கண்பார்வையே போகலாம். அழகு நிலையத்தில் சலுகை விலையில் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். போன்ற சிறப்புப் பட்டம் பெற்ற மருத்துவரோ, தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவரோ செய்ய வேண்டிய வேலை அது.

கத்தி வருவது ஃபேஸ்லிஃப்டில். காதுக்கு முன்னும் பின்னும் கீறி, தோலையும் அதன் அடிப்படலத்தையும் மேலே இழுத்துத் தைத்து, மிஞ்சியதை வெட்டி எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக் கயிற்றுக் கட்டில் தொய்ந்தால் அப்பா கால்மாட்டில் கயிற்றை அவிழ்த்து, பாதத்தைச் சட்டத்தில் ஊன்றி, முறுக்கி இழுத்துக் கட்டுவார். அன்றைக்குக் கட்டில் புதிதுபோல விண்ணென்று இருக்கும். ஆனால் கயிறு பழைய கயிறு. படுக்கப் படுக்கத் தொய்யத்தான் செய்யும். இழுத்துக் கட்டிய முகமும் அன்றிலிருந்து மறுபடி வயதாகத் தொடங்குகிறது.

ஊசி தசையை ஓய்விக்கிறது, பாகு பள்ளத்தை நிரப்புகிறது, கத்தி தொய்வை இழுக்கிறது. மூன்றில் எதுவும் வயதை நிறுத்துவதில்லை.

மண்டியில் யாரும் திட்டுவதில்லை

இப்போது அழுத்தத்துக்கு வருவோம். இத்தனை வலியும் செலவும் இருந்தும் ஏன் செய்துகொள்கிறார்கள்? 'யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லையே' என்று கேட்பவர்கள் ராயக்கோட்டைத் தக்காளி மண்டிக்கு ஒரு காலைப் பொழுது போய்வர வேண்டும்.

அங்கே விவசாயியை யாரும் அதட்டுவதில்லை. வியாபாரி பெட்டிக்குள் கைவிட்டு இரண்டு பழத்தை அழுத்திப் பார்க்கிறார். இறுகலாக, பளபளப்பாக இருந்தால் ஒரு விலை. தோல் தளர்ந்திருந்தால் இன்னொரு விலை. சுவை இரண்டிலும் ஒன்றாக இருக்கலாம். அதை யாரும் கேட்பதில்லை. அடுத்த முறை அந்த விவசாயி எவர் சொல்லாமலும் பழுக்கும் முன்பே பறித்துவிடுவார். இந்தக் கட்டுரையில் அழுத்தம் என்று நான் சொல்வது இதைத்தான். கட்டளை எதுவும் இல்லாமல், கிடைக்கும் விலையால் மட்டுமே ஒருவரை ஒரு பக்கமாக நகர்த்துவது.

நடிகைக்கு முகம்தான் நிலம், முகம்தான் விளைச்சல். நாற்பதைத் தொட்டதும் அழைப்புகள் குறைகின்றன. வரும் அழைப்பும் அம்மா வேடத்துக்கு. தன்னோடு ஜோடியாக நடித்தவர் இன்னும் நாயகனாகவே இருக்கிறார். அவருக்கு ஜோடி மட்டும் புதிதாக வருகிறார். அழகு போய்விட்டது என்று எந்தத் தயாரிப்பாளரும் நேரில் சொல்லத் தேவையில்லை. தொலைபேசி அடிக்காததே போதும்.

இதற்கு மேல் அவருக்கு ஒரு போட்டியாளர் இருக்கிறார். இருபத்திரண்டு வயதில் அவரே. பழைய படம் வாரம்தோறும் ஓடுகிறது, பழைய பாட்டு கைபேசியில் சுற்றுகிறது. நம்மில் யாருடைய இளமைக்கால முகமும் பக்கத்துத் தெருவில் தினம் நடமாடுவதில்லை. அவருடையது நடமாடுகிறது. பாலக்கோட்டு மாடி அறையில் நாங்கள் செய்ததும் இரண்டு முகத்தையும் அருகருகே வைத்து மார்க் போட்டதுதான்.

ஆணுக்கு இந்த மண்டியில் வேறு தராசு. ரஜினிகாந்தின் பூர்வீக ஊர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து நாச்சிக்குப்பம். பிறந்தது 1950இல். பொது நிகழ்ச்சிகளுக்கு வழுக்கைத் தலையும் வெண்தாடியுமாகத்தான் வருகிறார். அதை எளிமை என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான், எனக்கும் அவரைப் பிடிக்கும். அஜித் குமார் நரைத்த தலையோடு நாயகனாக நடித்ததும் ரசிகர்களுக்கு அது கம்பீரமாகத் தெரிந்தது. அதே நரையோடு ஒரு நடிகை காதல் காட்சியில் நின்றால் அரங்கம் என்ன செய்யும் என்பதை உங்கள் மனத்தையே கேட்டுப் பாருங்கள்.

அழுத்தம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவும் விதமும் உண்டு. பொங்கல் முடிந்து வேப்பனப்பள்ளிப் பக்கம் எருது விடும் விழா நடக்கும். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் வரை எல்லோருக்கும் காளை தெரியும். முன்வரிசையில் நான்கு பேர் எழுந்தால் பின்னால் இருப்பவர்கள் எழுந்தே ஆக வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஊரே நிற்கும். கால் வலிக்கும். முன்பைவிட ஒரு அங்குலம்கூட யாருக்கும் கூடுதலாகத் தெரியாது. பத்துப் பேர் ஊசி போட்டுக்கொண்டால் போடாத பதினோராவது முகம் வயதானதாகத் தெரியத் தொடங்குகிறது. அந்த முகம் மாறவே இல்லை, சுற்றியிருப்பவை மாறிவிட்டன.

கூத்துக்காரரின் முத்துவெள்ளை

முகத்துக்கும் பார்ப்பவருக்கும் இப்படித்தான் உறவு இருந்தாக வேண்டும் என்ற சட்டம் ஏதும் இல்லை. என் சிறு வயதில் எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடக்கும். திரௌபதி வேடம் கட்டியவர் அறுபதை நெருங்கிய ஆண். வேடம் கட்டும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறேன். கையளவு கண்ணாடியை முழங்காலில் சாய்த்துவைத்து, முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக் கன்னத்தில் அப்புவார். கன்னத்துப் பள்ளத்தில் விரல் இரண்டு முறை போகும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நெற்றிச் சுருக்கம் நன்றாகவே தெரிந்தது. துகில் உரியும் கட்டத்தில் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். என் பாட்டியும் அழுதார். விடிந்ததும் அந்தக் கூத்துக்காரர் முகத்தைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். இளமை அவருக்கு ஓர் இரவு வாடகைக்கு வந்தது. பகலில் அதைச் சுமந்து திரியச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இன்றைய கேமரா கன்னத்து மயிர்க்கால்வரை காட்டுகிறது. அதைவிட, படப்பிடிப்பு முடிந்த பிறகும் கேமரா அணைவதில்லை. விமான நிலையத்தில், கோயில் வாசலில், மகளின் பள்ளி விழாவில், எங்கும் ஒரு கைபேசி நீளுகிறது. முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஏற அவர்களுக்கு வழியில்லை.

ரகசியமும் அதன் விலையும்

செய்துகொண்டவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? சொன்னால் போலி என்கிறோம். சொல்லாவிட்டால் கண்டுபிடித்துச் சிரிக்கிறோம். 2023 பிப்ரவரியில் கிராமி இசை விருது மேடையில் ஏறிய அமெரிக்கப் பாடகி மடோனாவுக்கு அப்போது வயது 64. அவர் மேடையில் பேசியதை விட்டுவிட்டு உலகமே கன்னத்தைப் பற்றிப் பேசியது. பெண்ணுக்கு வயதாவதையே குற்றமாக்கும் வெறுப்பு இது என்று அவர் வெளிப்படையாகப் பதில் சொன்னார். தமிழ்த் திரையில் ஸ்ருதி ஹாசன் 2020இல், பிளாஸ்டிக் சர்ஜரி செய்துகொண்டதை ஒப்புக்கொள்ள வெட்கப்படவில்லை என்று எழுதினார். அதை ஊக்குவிக்கவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை என்ற அவருடைய நிலை எனக்கு நேர்மையாகப் பட்டது.

மறைப்பதால் வரும் கேடு பெரிது. ஐம்பது வயது முகம் இயல்பாகவே சுருக்கமில்லாமல் இருப்பதாகப் பார்ப்பவர் நம்பிவிடுகிறார். பயிற்சியும் தண்ணீரும் தூக்கமும்தான் காரணம் என்று பேட்டியில் படிக்கிறார். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்து, எங்கோ தான் தவறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்.

இளையவர்களுக்கும் இந்தப் பயம் தொற்றிவிட்டது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் அறுவைக்குப் பின் உயிரிழந்தார். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தூரம்தான். அவருக்கு வயது 21. அந்தச் செய்தியைப் படித்த நாளில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உயிர் போகாவிட்டாலும் நடிப்புக்கு ஒரு நட்டம் உண்டு. சந்தேகம் வரும்போது புருவம் ஒரு நூல் ஏறும், அழுகையை அடக்கும்போது முகவாய் துடிக்கும். ஓய்ந்த தசையால் அதைச் செய்ய முடியாது. முகத்தைக் காப்பாற்றப் போய், எதற்காக அந்த முகம் வேண்டுமோ அதையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அத்தையின் முந்தானை

அத்தை முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார் என்று தொடக்கத்தில் எழுதினேன். அது நாணம் இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். பல் உருவாகும் வயதில் அந்த நீரைக் குடித்த குழந்தைக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். தேய்த்தால் போகாது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் பிறந்த பிள்ளைகள் பலர் தப்பித்தார்கள். அத்தையின் தலைமுறைக்கு அந்த வாய்ப்பு இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை பல்லைப் பார்த்துவிட்டு எழுந்துபோனார்கள். அன்று தொடங்கிய பழக்கம் அந்த முந்தானை.

கல்யாணம் முடிந்து மூன்று வாரத்தில் ஆல்பம் வந்தது. போட்டோக்காரர் யாரையும் கேட்காமலே எல்லோருடைய பல்லையும் வெளுப்பாக்கி, கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை அழித்திருந்தார். இப்போதெல்லாம் எல்லோருக்கும் அப்படித்தான் செய்வோம் அம்மா, தனியாகக் காசு கிடையாது என்றார். ஒரு படத்தில் மட்டும் அத்தை ஏமாந்திருந்தார். பேத்தி ஏதோ சொல்ல, முந்தானை ஏறுவதற்குள் பிளாஷ் அடித்திருக்கிறது. வாய்விட்டுச் சிரிக்கிறார், பல் வரிசை பால்போல இருக்கிறது. அத்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் மடியில் வைத்திருந்தார். கறை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கூடத்தில் மாட்டும் அளவுக்குச் சட்டம் போட்டுத் தர எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.